சீட் இறங்கவில்லை

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் ஜன்னல் சரியாகச் சாத்தாது. காற்று வீசும் நாள்களில் இடுக்கு வழியாக மெல்லிய சீட்டிச் சத்தம் ஒன்று வரும். சென்ற மாதம் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அந்தச் சத்தம் கேட்டது. பழைய செய்தித்தாளைக் கிழித்து இடுக்கில் திணித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் பழைய வேன் பிள்ளைகள் குழுவில் ஸ்டெல்லாவின் குரல் பதிவு. ஸ்டெல்லா, ஆக்னஸ் ஆன்டியின் அக்கா மகள்.

"எல்லாருக்கும் சொல்லிடறேன். சின்னம்மா காலைல போய்ட்டாங்க. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ற நேரந்தான். யாரும் அழுது வாய்ஸ் போடாதீங்க, எனக்கு கேக்க நேரம் இல்ல. அடக்கம் நாளைக்கு. டைம் அப்புறம் சொல்றேன்."

கேட்டு முடித்த பிறகும் கையில் செய்தித்தாள் இருந்தது. ஜன்னல் சீட்டி அடித்துக்கொண்டே இருந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் கிள்ளானில், பண்டமாரான் பக்கம் வளர்ந்தவர்கள். அவர் பெயர் ஆக்னஸ் என்பதே மரண அறிவிப்பைப் பார்த்துத்தான் சிலருக்குத் தெரிந்திருக்கும். நமக்கு அவர் வேன் ஆன்டி. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்த நாள் முதல் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் முடிக்கும்வரை நான் அவருடைய வேனில்தான் போனேன். எனக்குப் பிறகு என் தம்பி. அவர் யாருக்கும் பாடம் சொல்லவில்லை, புத்திமதி சொல்லவில்லை. விடிவதற்கு முன் வீட்டு வாசலில் வந்து நின்றார், அவ்வளவுதான். "ஏறினா சொல்லு. இறங்கினா சொல்லாத, ஓடு" என்பார். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். வாரத்தில் ஐந்து நாள் ஒருவர் தவறாமல் வந்து நின்றதும் அதற்கு ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வேனில் ரேடியோ வேலை செய்யாது. அதனால் எல்லாச் சத்தமும் கேட்கும். மழைக்காலத்தில் ஒரு காலை, வேனுக்குள் எங்கிருந்தோ சீட்டிச் சத்தம் வந்தது. சமிக்ஞை விளக்கில் வேன் நின்றால் தெளிவாகக் கேட்கும், ஓடினால் அமுங்கிவிடும். என் பக்கத்தில் இருந்த பிரகாஷ், ஜன்னல் ரப்பர் கிழிந்திருக்கிறது, காற்று வருகிறது என்று முடிவு செய்து கணக்கு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து இடுக்கில் திணித்தான்.

"என்னடா பண்றே என் வேன?"

"காத்து சீட்டி அடிக்குது ஆன்டி. அடைக்கிறேன்."

ஆன்டி கியரை மாற்றினார். பிறகு, "நல்லா அடை. பத்தலன்னா கடைசிப் பக்கத்துலேர்ந்தும் கிழி, டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். ஆளுக்கொரு ஜன்னலை அடைத்தோம். சத்தம் நிற்கவில்லை. அது அவருடைய நெஞ்சிலிருந்து வந்த சத்தம் என்பது எனக்குப் புரிய பல ஆண்டுகள் ஆயின. அன்று நாங்கள் தாள்தாளாய்த் திணித்துக்கொண்டிருந்ததை அவர் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு வேனில் வாந்தி வரும். ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே என்னை முன் இருக்கைக்கு மாற்றிவிட்டார். நான் அதிகம் பேசமாட்டேன். "என் வேன்ல ரேடியோவும் தேவியும் ஒண்ணு. ரெண்டையும் தட்டித் தட்டிப் பாத்துட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்வார். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அந்த இருக்கை பிடித்திருந்தது. அங்கிருந்துதான் அவருடைய காலை நேரத்தைப் பார்த்தேன். கால் இடுக்கில் பால் கலக்காத கோப்பி-ஓ நிரப்பிய பிளாஸ்க். வேனின் முன்பக்க டிராயரில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் குட்டி மாத்திரைகள், கிளினிக்கில் கொடுப்பார்களே அந்த மாதிரிப் பைகள். குளிர் காற்றுள்ள நாள்களில், புகைமூட்டம் வந்துவிட்ட மாதங்களில், ஒன்றிரண்டை வாயில் போட்டுக் கோப்பியில் விழுங்குவார். "வேனுக்கு டீசல், எனக்கு இது." அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார். அரை நாளில் அவர் குரல் திரும்பிவிடும். ஊரே முகமூடி போட்டு இருமிக்கொண்டிருந்த புகைமூட்ட நாள்களிலும் வேன் வந்தது. வேன் ஆன்டிக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவர் முகம் உருண்டையானதும் அந்த ஆண்டுகளில்தான். கன்னங்கள் உப்பி, கண்கள் சிறுத்து, பளபளவென்று ஒரு முகம். வாசலில் நிற்கும் அம்மாக்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. "ஆன்டி, வயசு ஏற ஏற முகம் நல்லா பூரிச்சு வருது. என்னா சாப்பிடுறீங்க?" என்று என் அம்மாவே கேட்டிருக்கிறார். "உங்க பிள்ளைங்க படுத்துற பாட்டுக்கு இதுவாச்சும் மிச்சமாகட்டும்" என்பார் ஆன்டி. எல்லாரும் பார்த்தது முகத்தை. கியரைப் பிடித்திருந்த கையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மெலிந்து, தோல் தாள்போல் இருக்கும். புறங்கையில் ஊதா நிறத் திட்டுகள். "கதவு இடிச்சிருச்சு" என்பார். அந்த வேன் கதவு அத்தனை முறை இடித்திருக்க முடியாது.

பின்பார்வைக் கண்ணாடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேன் வாங்கி வரும்போதே கழன்று விழுந்து, யாரோ ஒரு மெக்கானிக் இரும்புப் பசை வைத்து ஒட்டியது. அதற்குப் பிறகு அது இம்மியும் அசையவில்லை. ஒட்டிய கோணத்தில் ஆன்டிக்குக் கடைசி வரிசை தெரிந்தது, கடைசி வரிசைக்கு ஆன்டியின் கண்கள் தெரிந்தன. அவருக்குக் கத்த வேண்டிய அவசியமே இல்லை. சண்டை போடும் பையன் நிமிர்ந்தால் கண்ணாடியில் இரண்டு கண்கள் காத்திருக்கும்.

நான் நான்காம் படிவத்தில் இருந்தபோது, தொடக்கப்பள்ளியில் படித்த என் தம்பி வீட்டில் சொன்னான்: "அக்கா, இப்ப ஆன்டிய பாத்து யாரும் பயப்படறது இல்ல லா. கண்ணாடில கண்ணே வராது. நெத்தி மட்டுந்தான் தெரியும். நெத்தி என்னா பண்ணும்?"

அடுத்த நாள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. நெற்றியும் வகிடும்தான் இருந்தன.

ஆன்டிக்கும் தெரிந்திருந்தது. "பிள்ளைங்க முகம் தெரிய மாட்டேங்குது. வேன் கூரைதான் தெரியுது" என்று எரிச்சல்பட்டார். அவருக்குச் சந்தேகமே இல்லை, சீட் இறங்கிவிட்டது. பழைய வேன், பழைய ஸ்பிரிங். முதலில் ஒரு மெத்தைத் துண்டு போட்டார். கண்கள் திரும்பி வந்தன. ஒரு வருடத்தில் மறுபடி நெற்றி. இன்னொரு மெத்தைத் துண்டு. பிறகு பள்ளி விடுமுறையில் மேரு சாலையில் சீட் தைக்கும் சீனரின் கடைக்குப் போனார். அன்று அம்மாவின் தையல் மெஷினையும் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டியிருந்ததால் நானும் வேனில் இருந்தேன். கடைக்காரர் சீட்டைக் கழற்றித் தலைகீழாகப் போட்டு ஸ்பிரிங்கைக் காட்டினார்.

"சீட் ஓகே, ஆன்டி. சீட் தா தூரூன்." சீட் இறங்கவில்லை.

"இறங்கலன்னா நான் என்ன, கரைஞ்சா போறேன்?" ஆன்டி என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் மலாயில் சண்டை பிடித்தார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே புது ஃபோம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். ஆன்டிக்குத் திருப்தி இல்லை. "ஸ்பிரிங் மாத்தத் தெரியாதவன்" என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டு வந்தார். வேன் குலுங்கும்போதெல்லாம் அவர் உதட்டைக் கடித்ததைப் பார்த்தேன். முதுகு வலி, ஓட்டுநர்களுக்கு எல்லாம் இருப்பதுதான் என்றார். அந்த ஃபோமும் ஒரு வருடம்தான் தாக்குப்பிடித்தது.

இந்த இடத்தை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. ஒரு பெண்ணின் முதுகெலும்பு ஒவ்வொன்றாக நசுங்கி இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு பேரும், அவரும் சேர்த்துத்தான், தினமும் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறோம்.

படிப்பு முடிந்து எனக்குப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் பக்கத்தில் வேலை கிடைத்தது. அறை பார்த்தாகிவிட்டது. சாமான் கொண்டுபோக லோரி பேசலாம் என்று அப்பா சொன்னதைக் கேள்விப்பட்டு ஆன்டி கோபித்துக்கொண்டார். "என் வேன்ல ஏறின பிள்ளைய லோரிலயா அனுப்புறே?" ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்ததும் கோயில் உடையிலேயே வந்தார். மெத்தை, அலமாரி, ரைஸ் குக்கர், அப்பா, தம்பி எல்லாம் பின்னால். நான் என் பழைய இடத்தில். அவருக்குக் கீழே மூன்று அடுக்கு மெத்தை இருந்தது. தாடை ஸ்டியரிங்கைத் தொடும் அளவுக்குக் குனிந்து ஓட்டினார்.

அடுக்குமாடி வாசலில் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏறினார். முன் சக்கரம் இறங்கியபோது லேசான ஒரு குலுக்கல். ஆன்டியின் வாயிலிருந்து காற்று வெளியேறும் சத்தம் வந்தது, அவ்வளவுதான். வேனை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"இறங்கு. சாமான இறக்கச் சொல்லு."

"நீங்க?"

"நான் கொஞ்சம் இப்படியே இருக்கேன்."

மெத்தையும் அலமாரியும் மேலே போய்ச் சேரும்வரை ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். அப்பா வந்து, "வாங்கக்கா, ஒரு தே தண்ணி குடிச்சிட்டுப் போலாம்" என்றார்.

"தம்பி, உனக்கு இந்த வேன ஓட்டத் தெரியுமா?" ஆன்டி அப்பாவிடம் கேட்டார்.

"தெரியும். ஏங்க்கா?"

"என்னால கால எடுக்க முடியல."

அப்பாவும் தம்பியும் அவரைத் தூக்கிப் பின் இருக்கையில் கிடத்தினார்கள். அவர் தன் வேனில் பயணியாகப் போனது அதுதான் முதல் முறையாக இருக்கும். வலியில் கண்ணை மூடிக்கொண்டே, "கிளட்ச்ச அப்படி மிதிக்காத தம்பி, அது உன் எதிரி இல்ல" என்றார்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் மலாய் டாக்டர் ஒருவர், படத்தையும் ஆன்டியையும் மாறி மாறிப் பார்த்தார். எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டார். நான் விழுந்ததே இல்லை என்றார் ஆன்டி. அவருடைய மலாய் என்னுடையதைவிட நல்லது, நான் துணைக்குத்தான் நின்றேன். டாக்டர் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். இன்று நசுங்கியது ஓர் எலும்பு. அதற்கு மேலும் கீழும் நசுங்கியவை பழையவை. செவ்வகமாக இருக்க வேண்டியவை ஆப்புபோலச் சரிந்திருந்தன. தாதி வந்து உயரம் அளந்தார். ஆன்டி அளவுகோல் தப்பு என்றார். மறுபடி அளந்தார்கள். மறுபடியும் தப்பு என்றார். மூன்றாம் முறை அளக்க வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் கைப்பையைக் கவிழ்த்தார். குட்டிப் பைகள் மேசை முழுக்கப் பரவின. ஒன்று கிள்ளான் கிளினிக், ஒன்று போர்ட் கிள்ளான், ஒன்று காப்பார். ஒவ்வொரு பையிலும் சில நாளுக்கான மாத்திரைகள். ஆஸ்துமா இழுப்பு வந்தால் ஒரு கிளினிக், அடுத்த முறை வேறொன்று. எந்த டாக்டருக்கும் அவர் எப்போதாவது வரும் நோயாளி. எல்லாப் பையிலும் இருந்தது ஒரே மாத்திரை, ஸ்டீராய்டு.

டாக்டர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார். வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலர் பம்பில் உள்ள மருந்து பெரும்பாலும் நுரையீரலோடு நின்றுவிடும். மாத்திரை உடம்பு முழுக்கப் போகும். மூச்சுக் குழாயின் வீக்கத்தை வடிக்கும். கூடவே எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதைத் தடுக்கும், முகத்தை உப்ப வைக்கும், தோலை மெலிய வைக்கும். சில நாள் சாப்பிடுவது உயிரைக் காப்பாற்றும். அந்தச் சில நாள்கள் இத்தனை வருடம் சேர்ந்தால் எலும்பு சல்லடையாகிவிடும். இனி தினமும் பம்ப் எடுக்க வேண்டும். எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை, வெறும் வயிற்றில், விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். கடைசியாக ஒன்றை இரண்டு முறை சொன்னார்: பழைய மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. உடம்பு அதற்குப் பழகிவிட்டது. நாங்கள் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆன்டி கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எப்ப வேன் ஓட்டலாம்?"

 எலும்பு ஆறட்டும், பார்க்கலாம் என்றார் டாக்டர்.

வெளியில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, பம்ப் ஏன் ஆன்டி எடுக்கவில்லை என்று கேட்டேன். நான் அவரிடம் நேராகக் கேட்ட மிகச் சில கேள்விகளில் அது ஒன்று.

"எடுத்தேனே. நீ பொறக்குறதுக்கு முன்னாடி. ஒரு நாள் ஒரு வீட்டு வாசல்ல இழுத்துச்சு, வேன நிறுத்திட்டு ரெண்டு தடவ அடிச்சேன். அந்த அம்மா பாத்துக்கிட்டே இருந்துச்சு. மாசம் முடியல, பிள்ள வேற வேன்ல போச்சு. அந்த லைன்ல இருந்த இன்னொரு வீடும் போச்சு. அவங்கள தப்பு சொல்ல மாட்டேன். பம்ப் அடிக்கிற பொம்பளகிட்ட யாரு பிள்ளைய விடுவா? ஓட்டும்போது மூச்சு நின்னுட்டான்னு நெனப்பாங்கதான?" கொஞ்சம் நிறுத்தி, "மாத்திரைய முழுங்குனா யாருக்குத் தெரியும்?" என்றார்.

அதன் பிறகான வாரங்களில் சனிக்கிழமைதோறும் கிள்ளானுக்குப் போனேன். வேன், வீட்டு முன் மழையில் நின்றிருந்தது. பெற்றோர்கள் அழைத்தால் ஆன்டி குரலைச் சரிசெய்துகொண்டு, "வேன் வொர்க்‌ஷாப்ல இருக்கும்மா. ஒரு சாமான் வரணும், வந்ததும் எடுத்துருவேன்" என்பார். பள்ளியில் புதுத் தவணை தொடங்குவதற்குள் ஓட்டிவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் நினைப்பு. அதற்குள் பிள்ளைகள் வேறு வேனுக்குப் போய்விட்டால் திரும்ப வரமாட்டார்கள் என்று பயந்தார். எலும்பு மாத்திரை விழுங்கும் நாளில் வேனில் ஏறி உட்கார்ந்துகொள்வார். "நிமிர்ந்து இருக்கணுமாம். அதான் என் சீட்டுலயே இருக்கேன்." எஞ்சின் அணைந்த வேனில், கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி அரை மணி நேரம். தெருவில் போகிறவர்கள் ஆன்டி கிளம்புகிறார் என்று நினைத்துக் கையசைப்பார்கள். அவரும் அசைப்பார். அதைப் பார்க்க எனக்கு ஏனோ பயமாக இருந்தது. ஏற்கெனவே போய்விட்ட ஒருவரைப் பார்ப்பதுபோல் இருந்தது.

புகைமூட்டம் தொடங்கிய ஒரு வாரத்தில் அவர் விழுந்தார். காலையில் இழுப்பு வந்திருக்கிறது. வீட்டில் எந்த மாத்திரையும் இல்லை. மூச்சுக்காக வாசலுக்கு வந்தவர் கேட்டைப் பிடிக்குமுன் சரிந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிப்போனார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோதுதான் அவரே சொன்னார். அந்த எக்ஸ்ரே நாளுக்குப் பிறகு கொஞ்ச நாள் மாத்திரையைக் குறைத்துப் பார்த்திருக்கிறார். பிறகு எல்லாப் பைகளையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டார். ஸ்டெல்லாவுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை.

"டாக்டர் ரெண்டு தடவ சொன்னாங்களே ஆன்டி."

"எலும்ப தின்னுதுன்னு சொன்னாங்க. என்னைத் தின்னுறதுக்கு நான் ஏன் தினம் சோறு போடணும்? நிறுத்துனா எலும்பு சீக்கிரம் வளரும், ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள எந்திரிச்சிரலாம்னு நெனச்சேன்." ஆக்ஸிஜன் முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்கியது. "மூச்சுக்குப் பாத்தேன், எலும்பு போச்சு. எலும்புக்குப் பாத்தேன், மூச்சு போச்சு. ரெண்டையும் ஒரே வேன்ல ஏத்த எனக்குத் தெரியல."

அடுத்த சனிக்கிழமை பார்வையாளர் நேரத்தில் கட்டிலைச் சுற்றி அம்மாக்கள் நிறைந்திருந்தார்கள். இப்போது அவர் வேனில் வரும் பிள்ளைகளின் அம்மாக்கள், என் காலத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர். ஆரஞ்சுப் பழம், மைலோ டின், தேய்க்கும் எண்ணெய் டப்பா. எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆன்டி என்னைப் பார்த்து, "தேவி, அந்த டிராயர்ல இருக்குறத எடு" என்றார். கைக்குட்டையில் சுற்றிய பம்ப். கொடுத்தேன். ஒரு கணம் எல்லாரையும் பார்த்தார். முகக்கவசத்தை விலக்கி, அத்தனை பேர் பார்க்க, மெதுவாக இரண்டு முறை இழுத்தார்.

 ஓர் அம்மா தயங்கி, "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு ஆன்டி, பையனுக்கு. நாலு பேரு பாப்பாங்கன்னு பீரோவுக்குள்ள வச்சிருக்கேன்" என்றார்.

"ஏன், பீரோவுக்கா இழுக்குது?" என்றார் ஆன்டி.

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆன்டி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "வேன் ஓட்ட நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. பையனோட பைல வை. வெளிய இருக்குற ஜிப்புல." அவர் சொல்லி நான் கேட்ட கடைசி வாக்கியம் அது. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டி, தொற்று வந்து, விழுந்த பத்துப் பதினைந்து நாளில் முடிந்துபோனது.

அடக்கத்தன்று ஸ்டெல்லா என்னிடம் மட்டும் ஒன்றைச் சொன்னாள். பெட்டிக்காரர் உயரம் கேட்டபோது, சின்னம்மாவின் உயரம் என்று அவளுக்கு நினைவிலிருந்ததைச் சொல்லிவிட்டாள். பெட்டி வந்தபோது நீளமாக இருந்தது. காலடியில் வெற்றிடம் தெரிந்தது. வீட்டிலிருந்து இரண்டு போர்வைகளை மடித்து வைத்து நிரப்பினார்கள். "மேல துணி போட்டு மூடிட்டேன். யாருக்கும் தெரியல" என்றாள். அது தெரிந்த பிறகு என்னால் அந்தப் பெட்டியின் தலைமாட்டைப் பார்க்க முடியவில்லை. பூசை முழுவதும் கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேனை ஸ்டெல்லா விற்றுவிட்டாள். என்னிடம் ஆன்டியின் படம்கூட இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பார்வை, நான் விரும்பிப் பெற்றதல்ல. கூட்டத்தில் நிற்கும்போது என் கண் தானாகத் தேடுகிறது. உருண்டை முகம், மெலிந்த கை, புறங்கையில் ஊதாத் திட்டு. ஒருவர் முகம் பூரித்திருக்கிறது என்று யாராவது புகழ்ந்தால் என் பார்வை அவருடைய கைக்குப் போகிறது.

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் பேருந்து நிறுத்தத்தில் ஓர் அக்கா நின்றிருந்தார். சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறவர், நீலச் சட்டை. தினமும் பார்க்கும் முகம்தான். படி ஏறி வந்த களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடித்திருந்த கையில் ஊதாத் திட்டுகளைப் பார்த்தேன். எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் பேச வராது. கடையில் மிச்சக் காசு குறைவாகக் கொடுத்தால்கூடக் கேட்கமாட்டேன். அவர் பக்கத்தில் போய் நின்று, "அக்கா, இழுப்புக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார். "யாரு நீ? ஏன் கேக்குற?"

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார். அன்று முழுக்க அலுவலகத்தில் எனக்கு முகம் எரிந்தது.

மறுநாள் நான் போனபோது அவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கைப்பையைத் திறந்து, குட்டி பிளாஸ்டிக் பையொன்றை வெளியே எடுத்து, யாரும் பார்க்காதபடி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இதயா கேட்ட? இது கெட்டதா? தூக்கிப் போட்டுரவா?"

"போடாதீங்கக்கா" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. நிறுத்தத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தூக்கி மட்டும் போட்டுராதீங்க. முதல்ல டாக்டர்கிட்ட காட்டணும், எலும்பையும் பாக்கச் சொல்லணும். எனக்கு சனிக்கிழம லீவு. நான் கூட வரேன்."